இருபது விகுதிகள்

"இந்தத் தடவையும் கோட்டை விட்டேன்னு வை, மாப்பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

வகுப்பறை வாசலில் நின்று அண்ணன் அவளைக் கேட்டான். ஜெர்மனியில் இருக்கும் கணவனிடம் போய்ச் சேர அவள் மொழித் தேர்வில் தேறியாக வேண்டும். இரண்டு முறை தோற்றாயிற்று. மூன்றாவது அடுத்த வாரம். இன்று நடந்தது அதற்கான ஒத்திகை.

உள்ளே டீச்சர் அவளுடைய தாளைத் திருத்திக்கொண்டிருந்தார். 'உடைந்த', 'பூட்டிய', 'கிழிந்த' மாதிரியான இருபது சொற்களுக்கு விகுதி சேர்க்க வேண்டும். நமக்கு உடைந்தது கோப்பையானாலும் நாற்காலியானாலும் 'உடைந்த' ஒன்றுதான். ஜெர்மன்காரர்களுக்கு அது போதாது. பொருள் ஆணா, பெண்ணா, இரண்டும் இல்லையா, வாக்கியத்தில் அதற்கு என்ன வேலை என்று பூர்வோத்திரம் முழுக்க விசாரித்த பிறகுதான் வாலை ஒட்டுவார்கள்.

சிவப்புப் பேனா ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று நகர்ந்தது. அவள் கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இருபதுக்கு சைபர்" என்றார் டீச்சர்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "இவ மண்டையில எதுவும் ஏறாது டீச்சர். எப்ப அனுப்பப் போறீங்கன்னு மாப்பிள்ளை தினம் போன் பண்ணிக் கத்துறாரு."

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

டீச்சர் கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"என்னைப் பாரும்மா. இருக்கிறதே அஞ்சு விகுதி. கண்ணை மூடிக்கிட்டு எழுதினாக்கூட மூணு, நாலு சரியா விழும். இருபதும் தப்பா வரணும்னா, இருபதுக்கும் சரியான விடை தெரிஞ்சிருக்கணும்."

அவள் பயத்தில் கதவையே பார்த்தாள்.

"அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க டீச்சர். கல்யாணமாகி அவரோட இருந்தது முப்பது நாள். அதுக்குள்ள ரெண்டு தடவை கழுத்தை நெரிச்சாரு. வீட்ல சொன்னா, போகப் போகச் சரியாயிடும்ங்கிறாங்க. பாஸாயிட்டா என்னை ஏத்தி அனுப்பிடுவாங்க."

டீச்சர் தாளை நான்காய் மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த வாரம் அஞ்சாறு விடையாவது சரியா எழுது. இல்லேன்னா மாட்டிக்குவ."