வெட்டப்பட்ட ஓரங்கள்

பாரசீகத்தில் பாபி என்ற புதிய சமயத்தாரை வீடு வீடாகத் தேடிக் கொன்ற காலத்தில், மாவுப் பானைக்குள் ஒளித்துவைத்துப் படிக்கப்பட்ட மறைநூல் பிரதி அது. ஆவணக் காப்பகப் பொறுப்பாளர் மஹ்வஷ் அதைத் திறந்ததும் திகைத்துப்போனாள். படித்தவர்கள் ஓரங்களில் எழுதிவைத்த வேண்டுதல்கள் எல்லாம் பாதிச் சொல்லில் அறுபட்டிருந்தன.

"ஓரமெல்லாம் என்னாச்சு?"

"ஒரே கிறுக்கல் மேடம். புதுத் தோல் அட்டைக்குள்ள அடங்கல, வெட்டச் சொல்லிட்டேன்," என்றார் நன்கொடையாளர் பெர்த்ராந்த். தூதராக இருந்த அவருடைய தாத்தா, அந்த வீடுகளைச் சூறையாடிய சிப்பாய்களிடமிருந்து பெட்டி பெட்டியாக அள்ளிக்கொண்டு வந்த பிரதிகளில் ஒன்று அது. "தாத்தா மட்டும் எடுத்துட்டு வரலேன்னா அந்த ஜனங்க இத வெச்சு அடுப்பு மூட்டியிருப்பாங்க."

அந்த ஜனங்களில் தானும் ஒருத்தி என்று அவள் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் மனிதர் பெட்டிகளோடு ஏலத்துக்குப் போய்விடுவார்; மிச்சப் பிரதிகளுக்கும் இதே கதிதான். பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்வரை காத்திருந்தாள்.

கையெழுத்து ஆனது. பத்திரிகைக்குப் படம் எடுக்க வந்தவர் கேமராவைத் தூக்கினார். பெர்த்ராந்த் கைகுலுக்க எழுந்தார். மஹ்வஷ் இழுப்பறையிலிருந்து வெள்ளைக் கையுறைகளை எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்டாள்.

"அது புத்தகத்தத் தொடறதுக்குத்தானே?" என்று அவர் சிரித்தார்.

"இல்லீங்க. புத்தகத்த நாங்க வெறுங்கையாலதான் தொடுவோம்," என்றபடி கையை நீட்டினாள்.

அவர் கை பாதியில் நின்றது.

"சார், கொஞ்சம் சிரிங்க," என்றார் படம் எடுப்பவர்.