கொஞ்சம் பொறுத்துப் பழுக்கவும்

அரிசி டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார்.

ஒன்று அகப்பட்டது. வெளியே இழுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

காம்போரம் லேசாக வாசம்.

"அவசரக்குடுக்கை" என்று திட்டினார். மாங்காயையா, தன்னையா என்பது அவருக்கே தெளிவாக இல்லை.

புதன்கிழமை மகள் வருவதாக இருந்தது. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்தை அவள் தொடமாட்டாள். அதனால் மார்க்கெட்டில் தட்டித் தட்டிப் பார்த்து, மண்டையை உடைக்கக்கூடிய மல்கோவாக் காய்களாக வாங்கிவந்து அரிசியில் புதைத்திருந்தார். போதாதென்று, நன்றாகக் கனிந்த வாழைப்பழம் ஒன்றையும் நடுவில் செருகியிருந்தார். பழுத்தது விடுகிற மூச்சு பக்கத்துக் காயையும் பழுக்க வைக்குமாம். ஏதோ வாரப் பத்திரிகையில் படித்தது.

அவர் படித்ததில் ஒன்று முதன்முதலாக வேலை செய்துகொண்டிருந்தது. அதுவும் வேண்டாத நேரத்தில்.

அன்று காலையில்தான் போன் வந்திருந்தது.

"லீவு தரமாட்டேங்கறாங்கப்பா. அடுத்த மாசம் கண்டிப்பா வந்துடறேன்."

"அதனால என்னம்மா, வேலைதானே முக்கியம்" என்றவர், போனை வைத்துவிட்டு நேராக டிரம்முக்குத்தான் வந்தார்.

எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். வாழைப்பழத்தை, குற்றவாளி என்பதால், நின்றபடியே தின்று தீர்த்தார்.

பழுப்பதைத் தள்ளிப்போட பிரிட்ஜ் சரிப்படாது. காயைக் குளிரில் வைத்தால் தோல் கறுத்து, ருசி செத்துப்போகும்.

வேறு ஒரே வழிதான். ஒன்றின் மூச்சு இன்னொன்றின் மேல் படக் கூடாது.

பிரித்து வைத்தார்.

டி.வி.க்குப் பக்கத்தில் ஒன்று. மாடிப்படியில் ஒன்று. சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாற்காலிக்கு ஒன்று. மகளின் கட்டிலில் ஒன்று. அதற்குத் தலையணைகூட வைத்தார். பிறகு வெட்கமாகிப்போய், தலையணையை எடுத்துவிட்டார்.

ஜன்னல்களையெல்லாம் திறந்தார். எல்லா அறைகளிலும் மின்விசிறியைப் போட்டார்.

அந்த வீட்டில் அத்தனை விசிறிகளும் ஒன்றாகச் சுற்றி வெகுகாலம் ஆகியிருந்தது.

கூடத்தில் நின்று பார்த்தார். ஆளுக்கொரு மூலை. ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லை.

இப்படி இருந்தால் நாள் தள்ளலாம்.

அது அவருக்குப் பத்திரிகை படித்துத் தெரியவேண்டியதில்லை.

ஆனால் ஒரு மாதம் தள்ளுமா?

புதன்கிழமை காலை கண் விழித்தபோது வீடே மணத்துக்கொண்டிருந்தது.

வேட்டியைச் சரிசெய்யாமல் ஓடினார். படியில் இருந்தது மஞ்சள். டி.வி. பக்கத்தில் மஞ்சள். கட்டிலில் இருந்ததை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்தது.

யாருடைய மூச்சும் படாமல், அதது தன்பாட்டுக்குப் பழுத்திருந்தது.

சொல்லிவைத்தாற்போல் அதே புதன்கிழமைக்கு.

அழைப்பு மணி அடித்தது.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மகளாக இருக்கலாம் என்று நினைத்தார். அந்த நொடிக்காகத் தன்னையே கேலி செய்துகொண்டு கதவைத் திறந்தார்.

கரண்ட் ரீடிங் எடுக்க வந்த பெண். வியர்த்து வழிந்தபடி உள்ளே வந்து, மீட்டரை அண்ணாந்து பார்த்தாள்.

"இந்தவாட்டி எகிறியிருக்கே சார்." மூச்சை இழுத்து முகர்ந்தாள். "தெருமுனைக்கே மாம்பழ வாசம் அடிக்குது. விருந்தாளிங்களா?"

எட்டிப் பார்த்தாள். நாற்காலிகளில் மாம்பழங்கள் உட்கார்ந்திருந்தன. மேலே விசிறி சுற்றியது.

"ஆமாம்மா" என்றார். "சாப்பிட யாராவது வரட்டும்னு உக்காந்திருக்காங்க."

அவள் சிரித்துவிட்டாள்.

அவர் ஒரு நாற்காலியிலிருந்து பழத்தைத் தூக்கிக்கொண்டு, துண்டால் இருக்கையைத் தட்டிவிட்டார்.

"உக்காரும்மா. ஒரே நிமிஷம்."

"இன்னும் தெரு பூரா கெடக்கு சார்" என்றாள். சொல்லிக்கொண்டே, பாதி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சமையலறைக்குப் போனார். பழத்தைக் கழுவினார். காதை மட்டும் கூடத்திலேயே விட்டுவைத்திருந்தார். நாற்காலி நகரும் சத்தம் இல்லை.

கத்தியை எடுத்தார்.

சின்னச் சின்னத் துண்டங்களாக நறுக்கத் தொடங்கினார்.

சின்னத் துண்டமென்றால் தின்று முடிக்க நேரமாகும்.