கரும்பலகை

விருதுநகரில் அந்த ஆண்டு பள்ளிக்கூடம் திறந்திருந்தது நாற்பத்தொரு நாள்தான். மற்ற நாளெல்லாம் வெயில் விடுமுறை. பொறுத்துப் பார்த்த பத்தாம் வகுப்புப் பிள்ளைகள், கலெக்டர் அலுவலகத்துக்கு முன்னால் வெளுத்துக் கிடந்த தார்ச்சாலையில் ஒரு வகுப்பறையை வரைந்தார்கள். பெஞ்சுகள், கரும்பலகை, ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். பலகையில் ‘மரத்தை நடு, பள்ளியைத் திற’ என்று எழுதிவிட்டு, வரைந்த பெஞ்சுகளின்மேல் குடை பிடித்து உட்கார்ந்து படித்தார்கள்.

மூன்றாம் நாள், கறுப்புப் பெயின்ட் பூசி அதை அழிக்க நகராட்சி ஊழியர் தன்ஷிகாவை அனுப்பினார்கள். முதல் பெஞ்சில் அவள் மகள் மதிவதனி இருந்தாள்.

“எந்திரிடி. மேஸ்திரி பாத்துக்கிட்டு நிக்கிறாரு.”

“பாடம் முடியலம்மா.”

“என் வேலை போயிரும்டி.”

“நீ எத்தனாவதுல படிப்ப நிறுத்துன?”

“எட்டுல. அந்த வருசந்தான் இந்த லீவு வந்துச்சு.”

தன்ஷிகா ரோலரைப் பெயின்டில் தோய்த்தாள். பிள்ளைகள் யாரும் அசையவில்லை. அவள் படத்தைத் தாண்டிப் போய், கரும்பலகையின் ஓரத்திலிருந்து வெறும் சாலையில் பூசத் தொடங்கினாள். அலுவலக வாசல்வரை பூசினாள்.

“என்னம்மா பண்ற?” என்று மேஸ்திரி கத்தினார்.

“கறுப்புதான பூசச் சொன்னீங்க? பலகை சின்னதா இருந்துச்சு சார்.”

அன்று மாலையே அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். மறுநாள் காலை அவள் வந்தபோது, கடைசி பெஞ்சிலிருந்த ஒரு பெண் நகர்ந்து இடம் விட்டாள்.