ஆண்ட்ரூஸின் அபிப்பிராயம்

மூன்றாவது லெவலில் வேதமுத்து மறுபடியும் செத்துப்போனார். டி.வி.யில் குட்டி மனிதன் பள்ளத்துக்குள் விழுந்து மறைந்தான். ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்து, ஒற்றை விரலால் டைப் செய்தார்.

'இந்த கேம்ல மியூசிக் மட்டும்தான் நல்லாருக்கு. அஞ்சுக்கு ரெண்டு மார்க்.'

மெசேஜ் ஆண்ட்ரூஸ் பெயரில் போயிற்று. எட்டயபுரத்திலிருந்து சுந்தரின் பதில் உடனே வந்தது. 'ரெண்டு கம்மி. மூணு குடுக்கலாம்.'

ஆண்ட்ரூஸ் வேதமுத்துவின் மகன். பதினான்கு மாதங்களுக்கு முன்னால் கயத்தாறு பக்கம் பைக்கோடு லாரிக்கு அடியில் போனவன். அவன் போனில் ஒரு கீறல்கூட விழவில்லை. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அது சிணுங்கியது.

'ஏலே, எங்க ஆளையே காணும்? அந்த ஜப்பான் கார்ட்டூன் பாத்தியா இல்லியா?'

பழைய வீடியோ கேம், சினிமா, ஜப்பான் கார்ட்டூன் என்று இரண்டு பையன்களும் மூன்று வருடமாக வாட்ஸ்அப்பில் அடித்துக்கொண்டவர்கள். நேரில் ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்றுதான் வேதமுத்து போனை எடுத்தார். 'பாத்தேன். சுமார்தான்' என்று விரல் டைப் செய்துவிட்டது.

அன்றிலிருந்து, தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்ததும் மகன் சேர்த்து வைத்திருந்த கேம்களை விளையாடினார். படங்களைப் பார்த்தார். ரசித்தாரா என்றால் இல்லை. அழுகையும் வரவில்லை. முகம் கழுவுவதுபோல, சோறு தின்பதுபோல, தினம் ஒரு அபிப்பிராயம் எழுதினார்.

'கார்ட்டூன்ல எல்லாருக்கும் கண்ணு தேங்காச் செரட்டை கணக்கா இருக்கு. ஆனா ஒருத்தனுக்கும் எதிர்ல வாரது தெரியல' என்று ஒருநாள் எழுதினார். சுந்தர் சிரித்த வாய்ஸ் மெசேஜ் ஒரு நிமிடம் ஓடியது.

வாய்ஸ் வந்தால் இவருக்குப் பயம். பதிலுக்குப் பேசச் சொல்வானே. 'மைக் போச்சுலே' என்று சொல்லிச் சமாளித்துவந்தார். மார்ச் மாதம் சுந்தருக்கும் மைக் போனது. அதற்கப்புறம் எல்லாம் எழுத்துத்தான். இவருக்கு வசதியாகப் போயிற்று.

மனைவி மதலேனம்மாள்தான் அதை உடைத்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்தவள், முக்காட்டை எடுக்காமலே சொன்னாள்.

"அந்தப் பிள்ள நம்ம பிள்ள உசுரோட இருக்கான்னு நெனச்சிக்கிட்டு இருக்கு. இது பாவம்லா? நேர்ல போயிச் சொல்லிட்டு வாங்க."

மகன் எப்போதோ சுந்தருக்குக் கேம் கேசட் பார்சல் அனுப்பிய விலாசம் போனில் இருந்தது. மறுநாள் காலை வேதமுத்து எட்டயபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மழை ஓய்ந்த கரிசலில் உளுந்து முளைவிட்டிருந்தது. சொல்ல வேண்டியதை மனதுக்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். எந்த இடத்திலும் வலிக்கவில்லை.

வீட்டு முன்னால் ஓர் அம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"சுந்தர் தம்பி வீடு இதானே?"

"ஆமா. எங்கேருந்து வாரீய?"

"கோவில்பட்டி. நான் ஆண்ட்ரூசோட அப்பா."

ஈரச்சேலை அவள் தோளிலேயே கிடந்தது. அவரைத் தாண்டித் தெருவை ஒருதரம் பார்த்தாள். "ஆண்ட்ரூஸ் வரலியா?"

"இல்ல. தம்பிட்ட ஒரு சேதி சொல்லணும்."

"எங்கிட்டச் சொல்லுங்க அண்ணாச்சி. நான் அவன் அம்மா, அழகுத்தாய்." உள்ளேயிருந்து பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து வேப்பமர நிழலில் போட்டாள்.

வேதமுத்து உட்காரவில்லை. பஸ்ஸில் சொல்லிப் பார்த்தது ஒன்றும் நினைவில் இல்லை.

"எம் மவன் போன வருசம் செப்டம்பர்லயே ஆக்சிடெண்டுல போயிட்டான் தாயி. அதுக்குப் பொறவு தம்பிக்கு எழுதுததெல்லாம் நாந்தான். கேமு, படம், கார்ட்டூனு எல்லாம் நானே பாத்து எழுதுனது. ஏமாத்தணும்னு இல்ல. அவன் பேருக்கு ஒரு மெசேஜ் வருதுல்லா, அத நிப்பாட்ட மனசு வரல."

அழகுத்தாய் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஒரு சின்ன வட்டமாகப் பரவியது.

"போன வாரம், அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துல கதாநாயகன் கடைசி வரைக்கும் அழாம இருக்கான், எனக்குப் பிடிச்சிருக்குன்னு எழுதுனது?"

"நாந்தான்."

"ஆண்ட்ரூசுக்குப் பழைய படம்னாலே ஆகாதே."

"அவனுக்கு ஆகாது. எனக்குப் பிடிச்சிருந்தது."

சொல்லும்போதுதான், பதினான்கு மாதத்தில் தனக்கென்று ஒன்று பிடித்திருந்தது அது மட்டும்தான் என்பது வேதமுத்துவுக்கு உறைத்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி வந்ததும் நீங்களே பக்குவமா எடுத்துச் சொல்லுங்க தாயி. மன்னிச்சிரச் சொல்லுங்க."

அழகுத்தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"சுந்தரு செத்து எட்டு மாசமாவுது அண்ணாச்சி, நானும் அப்படித்தான் எழுதிக்கிட்டு இருக்கேன்."