அண்ணனின் பாறை நண்டு

அந்தப் போன் விளையாட்டில் அணிக்கு இரண்டு பேர், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆளுக்கு ஒரு மான்ஸ்டரை இறக்க வேண்டும். செங்கொடியின் ஜோடி அவள் அண்ணன் பீம்ராவ். அவனை அடக்கம் செய்த மறுவாரமே அவன் கணக்கில் பச்சை விளக்கு எரிந்தது.

அம்மாதான் என்று செங்கொடி புரிந்துகொண்டாள். அண்ணன் ஆடும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். இப்போதும் சாயங்காலமானால் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். செங்கொடி எதுவும் கேட்கவில்லை.

இன்று தகுதிச் சுற்று. தோற்றால் அணி கலைந்துவிடும், அண்ணன் பெயரும் போய்விடும்.

"எதை எறக்கட்டும்?" என்று அண்ணன் கணக்குக்குச் செய்தி அனுப்பினாள்.

"தீப்பல்லிய எறக்கு. நான் பாறை நண்டு. நீ அடிச்சிகினே இரு, உனக்கு வர்ற அடிய நான் வாங்கிக்கிறேன்."

அண்ணன் எப்போதும் சொல்வது அதுதான். அம்மா அதைக்கூடக் கவனித்திருக்கிறாள்.

கடைசி அடியை வாங்கிக்கொண்டு நண்டு சாய்ந்தது. பல்லி மிஞ்சியது. ஜெயித்துவிட்டார்கள்.

செங்கொடி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"யம்மா, செம ஆட்டம் ஆடிட்ட."

"இன்னாடி ஆட்டம்?"

"நடிக்காத. அண்ணன் போனுல தெனம் நீதான ஆடிகினுகீற?"

அம்மா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"அவனுக்குப் புடிச்சதாச்சேன்னு, பாடைய தூக்கசொல்ல அந்தப் போன நாந்தான் அவன் சொக்காப் பையில வெச்சேன். அதோடதான்டி மூலக்கொத்தளத்துல பொதைச்சாங்க."