உறவுக்கு ஆதாரம்

அந்த விசாரணை நடந்தது செவ்வாயா, புதனா என்று சுகந்திக்கு இப்போது சரியாக நினைவில்லை. உறுப்பு தானக் குழுவின் டாக்டர் கேட்ட கேள்விகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

“தேவராஜ் உனக்குச் சொந்தமில்ல. எதுக்கும்மா அவருக்குக் கிட்னி தர்றே?”

“அவரு உயிரோட இருக்கணும் சார்.”

“காசு குடுத்தாங்களா?”

“குடுத்தாலும் தொடமாட்டேன்.”

“எப்படிப் பழக்கம்?”

“ஆம்பூர் ஷூ கம்பெனில எனக்கு சூப்பர்வைசர்.”

“வீட்டுக்காரர் இன்னா சொன்னார்?”

“பைத்தியம்னாரு. அப்பாலே கையெழுத்துப் போட்டாரு.”

“பழக்கத்துக்கு ஆதாரம் வேணுமே. சேர்ந்து எடுத்த போட்டோ இருக்கா?”

சுகந்தி பையிலிருந்து கோர்ட்டுக் காகிதக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“தோல் திருடினேன்னு உன்னை வேலையை விட்டுத் துரத்தினவரா இவர்?”

“ஆமா சார். என் பைல தோலை வெச்சதே அவருதான். அது எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அவரு செத்துட்டா நான் கடைசிவரைக்கும் திருடிதான். அவரே கூண்டேறி உண்மையைச் சொல்லணும்.”

“சொல்றேன்னு வாக்கு குடுத்தாரா?”

“நான் கேக்கல சார். கேட்டா அது வியாபாரம்.”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தேவராஜ் தேறி எழுந்து, கூண்டேறி, அவள்தான் திருடினாள் என்று மறுபடியும் சொன்னார்.

சுகந்தி அசரவில்லை. “அந்தக் கிட்னி இருபது வருஷம் தாங்கும்னு டாக்டர் சொல்லிக்கீறாரு. அடுத்த வாய்தா என்னிக்கு?” என்று வக்கீலைக் கேட்டாள்.

தேவராஜ் நலமாக இருக்கிறார். சுகந்தியும் நலம். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.