நாடா வெட்டாத ஜெனரேற்றர்

மடத்துவெளியின் மூன்று மாடி முதியோர் இல்லத்தின் பின்கொட்டகையில் புத்தம்புதிய ஜெனரேற்றர் நிற்கிறது. மின்சாரம் நின்றாலும் தீயணைப்புப் பம்பை ஓட்டுவதற்கென்றே வாங்கிய இயந்திரம்; பொலித்தீன் உறை கழற்றப்படவில்லை. உறையைச் சுற்றிச் சிவப்பு நாடா; சுவரில், கனடாவில் வாழும் கொடையாளியின் பெயர் பொறித்த பளிங்குக்கல் நண்பகல் வெயிலில் கண்ணைக் குத்துகிறது. காலையிலிருந்து மின்சாரம் இல்லை. குசினி விறகடுப்பின் புகை படிக்கட்டு வழியே ஏறுகிறது. மூன்றாம் மாடியில் எழுந்து நடக்க முடியாத ஒன்பது பேர் இருமுகிறார்கள். “திறப்பைத் தாங்கோ அண்ணை, ஒருக்கா ஓட்டிப் பாக்க வேணும்” என்கிறாள் தாதி கேதீஸ்வரி. நிர்வாகத் தலைவர் இராசநாயகம் இயந்திரத்தின் சாவியை வேட்டி மடிப்பில் செருகிக்கொள்கிறார். “அவர் ஆவணியிலை வந்து நாடா வெட்டாமல் தொட ஏலாது பிள்ளை. தந்த மனிசன் என்ன நினைப்பார்?” “அதுக்கிடையிலை நெருப்புப் பிடிச்சால்? யாழ்ப்பாணத்திலையிருந்து வண்டி வரமுந்தி எல்லாம் முடிஞ்சிடும்.” “நீர் அபசகுனமாய்க் கதையாதையும். இவ்வளவு நாளும் எப்பவாவது பிடிச்சதே?” படுக்கையில் கிடக்கும் மனிதருக்கு மறுக்கப்பட்ட மரியாதை, ஓடாத இரும்புக்கு நாடாவாய்ச் சுற்றப்பட்டிருக்கிறது. கேதீஸ்வரி மாடியேறுகிறாள். சற்று நேரத்தில் அவளும் சமையற்காரி துஷாந்தியும் ஒரு முதியவரைக் கதிரையோடு தூக்கி, படிபடியாய் இறங்குகிறார்கள். கதிரைக்கால் ஒவ்வொரு படியிலும் இடிக்கிறது. “எங்கை கொண்டுபோறீர்?” என்று தன் அலுவலக அறை வாசலில் இராசநாயகம் வழிமறிக்கிறார். “கீழை, உங்கட கந்தோருக்கு. இன்னும் எட்டுப்பேர் இருக்கினம். மேசையை வெளியிலை எடுங்கோ.”